உஷாராணி டீச்சரின் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள்

உஷாராணி டீச்சருக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கிவிடும். வகுப்பில் பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். டீச்சர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்வரை பயமில்லை. மெதுவாகப் பேச ஆரம்பித்துவிட்டால் புத்தகத்தைத் திறந்துவிட வேண்டும். ஐந்து வருடமாக ஒரே ஒருவரைப் பற்றி மட்டும் அவள் மெதுவாகவே பேசிக்கொண்டிருந்தாள். அந்த மனிதரின் பெயர் பரமேஸ்வரன். ஒரு காலத்தில் அவளுடைய தலைமையாசிரியர்.

கிள்ளானில் தண்டவாளத்தை ஒட்டிய வீட்டில் பிறந்து வளர்ந்தவள் உஷாராணி. அப்பா ரயில்வேயில் சிக்னல் பழுது பார்ப்பவர். பயிற்சிக் கல்லூரியை முடித்த கையோடு, 2009-ஆம் ஆண்டு போர்ட் கிள்ளான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளியில் வேலை கிடைத்தது. மறு வருடம் கல்யாணம். கணவன் விமலன் துறைமுகத்தில் கண்டெய்னர் தூக்கும் கிரேன் ஓட்டுபவன். அவன் ஷிப்ட் முடிந்து வரும்போது அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருப்பாள். வாசலில் சிரித்துக்கொள்வதுதான் பாதி நாள் குடும்ப வாழ்க்கை.

அவளுக்குக் கொடுத்தது மூன்றாம் ஆண்டு வகுப்பு. பிள்ளைகள் எல்லாம் லோரி ஓட்டுபவர்களின், கிடங்கில் பெட்டி அடுக்குபவர்களின் பிள்ளைகள். ஏன் வீட்டுப்பாடம் செய்யவில்லை என்று கேட்டால் முப்பது பேரும் ஒரே பதில் சொல்வார்கள்.

“அம்மா தூங்குனாங்க டீச்சர்.”

இரவு ஷிப்ட் முடித்து வந்த அம்மா பகலில் தூங்காமல் என்ன செய்வாள்? உஷாராணி ஒருநாள் இராஜம்மா என்ற தாயைப் பள்ளிக்கு வரவழைத்துக் கொஞ்சம் கடுமையாகவே பேசினாள். கிடங்குச் சீருடையோடு வந்து நின்ற இராஜம்மா, கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னாள்:

“டீச்சர், நான் மலாய் பள்ளியில படிச்சவ. எனக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. எம் மக வாசிக்கிறது சரியா தப்பான்னு எனக்கு எப்படி லா தெரியும்? என்கிட்ட இருக்கறது இந்த ஹேண்ட்போன் ஒண்ணுதான்.”

கண்ணாடி விரிசல் விட்ட அந்த ஹேண்ட்போனை உஷாராணி பார்த்தாள். எல்லா வீட்டிலும் அது ஒன்று இருந்தது. பாட நூலுக்கு இடமில்லாத வீட்டிலும் அதற்கு ஓர் இடம் இருந்தது. அவளுடைய தொழில் வாழ்க்கை அந்த நிமிடத்தில்தான் திசை திரும்பியது.

முதலில் பாடத்தைத் தன் குரலில் வாசித்துப் பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவில் அனுப்பினாள். மறுநாள் காலைக்குள் பூப்படங்களும் காலை வணக்கங்களும் அதை அமுக்கிவிட்டன. பிறகு அட்டை முறைக்கு வந்தாள். ஒரு கெட்டி அட்டையில் பெரிய எழுத்தில் ஒரு வாசிப்புப் பகுதி. மூலையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாய் ஒரு சதுரம், அதாவது க்யூஆர். அம்மாவின் ஹேண்ட்போனை அதன் மேல் காட்டினால் டீச்சரின் குரல் பேசும். நிறுத்தி நிறுத்தி வாசிக்கும். பிறகு மூன்று கேள்வி கேட்கும். முழு வாக்கியத்தில் விடை எழுதுக என்று சொல்லி முடிக்கும்.

தண்டவாளத்தை ஒட்டிய அந்த வீட்டில் பதிவு செய்ய வழியில்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ரயில் போகும். அதனால் பள்ளி முடிந்ததும் காரின் கண்ணாடிகளை ஏற்றி, ஏர்கோனையும் நிறுத்திவிட்டு, வேர்த்து ஊற்ற உட்கார்ந்து பேசுவாள். வெள்ளிக்கிழமை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அட்டை கொடுத்தனுப்புவாள். சனிக்கிழமை காலை பத்திலிருந்து பன்னிரண்டுவரைதான் அந்த வீடுகளில் அம்மாவும் விழித்திருப்பாள், ஹேண்ட்போனும் சும்மா கிடக்கும். சனிக்கிழமைப் பாடம் என்று பிள்ளைகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டார்கள். நான்கு வருடத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகள் சேர்ந்தன. எழுத்துக் கூட்டத் தெரியாமல் வந்த இராஜம்மாவின் மகள், வருடக் கடைசியில் பள்ளிச் சபையில் செய்தித்தாள் வாசித்தாள். இராஜம்மா சீருடையோடு வந்து சுவரோரம் நின்று கேட்டுவிட்டு, யாரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டாள்.

2016-இல் பரமேஸ்வரன் தலைமையாசிரியராக வந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத பேச்சு. அட்டைகளைப் பார்த்ததும் அவருக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. வகுப்பிலேயே இதைச் செய்தால் என்ன என்று அவர்தான் கேட்டார். பிள்ளைகள் பள்ளிக்கு ஹேண்ட்போன் கொண்டுவரக் கூடாது என்று சட்டம் இருந்ததால், விமலனின் கூட்டாளிகளிடம் கேட்டு வாங்கிய பழைய ஹேண்ட்போன் ஆறை சிம் கழற்றி வகுப்பில் வைத்துக்கொள்ளலாமா என்று உஷாராணி கேட்டாள். எழுத்தில் ஓர் அனுமதிக் கடிதம் வேண்டும் என்றும் கேட்டாள். அப்போது அறையில் ஜோசஃபின் டீச்சரும் இருந்தாள், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்க வந்தவள்.

“நம்ம பள்ளிக்கூடம், நம்ம பிள்ளைங்க. இதுக்கு எதுக்கு டீச்சர் லெட்டர்? செய்ங்க. நான் பொறுப்பு,” என்றார் பரமேஸ்வரன்.

இரண்டு வருடம் அந்த வார்த்தையை நம்பி வேலை செய்தாள். பிள்ளைகள் கையில் ஹேண்ட்போனோடு உட்கார்ந்திருக்கும் படத்தைப் பரமேஸ்வரனே எடுத்துப் பள்ளியின் முகநூலில் பெருமையாகப் போட்டார். அந்தப் படம்தான் வினையானது. யாரோ ஒரு பெற்றோர் அதை அச்செடுத்துப் புகார் அனுப்பினார். ஒரு செவ்வாய்க்கிழமை கல்வித்துறை அதிகாரி வந்து உட்கார்ந்து, யார் கொடுத்த அனுமதி என்று கேட்டார். படம் முகநூலிலிருந்து முந்தைய நாளே காணாமல் போயிருந்தது.

பரமேஸ்வரன் உஷாராணியை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்ப்பதுபோல் பார்த்தார்.

“எனக்கு ஒண்ணும் தெரியாது சார். டீச்சர் சொந்தமா செஞ்சிருக்காங்க.”

அதிகாரி ஜோசஃபினையும் கேட்டார். அவள் அப்போது தற்காலிக ஆசிரியை. தரையைப் பார்த்தபடி, நினைவில்லை என்றாள். விளக்கம் கேட்டு உஷாராணிக்குக் கடிதம் வந்தது. அடுத்த மாதம் இடமாற்றக் கடிதம் வந்தது. உலு சிலாங்கூரில், செம்பனை எண்ணெய்த் தோட்டக் காட்டின் ஓரத்தில், நாற்பத்து மூன்று பிள்ளைகள் படிக்கும் பள்ளி. அட்டைகளை எடுத்துக்கொள்ளப் போனபோது பரமேஸ்வரன் அலமாரிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பள்ளிச் சொத்தாம்.

மறுநாள் மாலை ஜோசஃபின் வீட்டு வாசலில் வந்து நின்று அழுதாள். எனக்கு வேலை போயிடும்னு பயந்துட்டேன்க்கா என்றாள். உஷாராணி அவளை உள்ளே கூப்பிட்டுத் தேநீர் போட்டுக் கொடுத்தாள். அந்தக் கணக்கு அன்றோடு தீர்ந்தது. பரமேஸ்வரன் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. ஒரு போன்கூட இல்லை.

அவள் அப்போது மூன்று மாதக் கர்ப்பிணி. கல்யாணமாகி எட்டு வருடத்துக்குப் பிறகு, எத்தனையோ கோயில் படி ஏறி, எத்தனையோ கிளினிக் நாற்காலியில் உட்கார்ந்து கிடைத்த கரு. விடிவதற்கு முன் எழுந்து, போக எழுபது கிலோமீட்டர், வர எழுபது கிலோமீட்டர் கார் ஓட்டினாள். ஐந்தாம் மாதம் ஒரு பிற்பகலில், நெடுஞ்சாலை ஓய்வுத் தலத்தில் காரை நிறுத்திவிட்டு விமலனுக்குப் போன் செய்தாள். வலிக்கிறது என்று மட்டும் சொன்னாள். மருத்துவமனையில் வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு முறை காட்டினார்கள். பெண் குழந்தை.

டாக்டர் நல்லவர். இதற்கு இன்னதுதான் காரணம் என்று சொல்ல முடியாதம்மா, எதனாலும் இருக்கலாம் என்றார். உஷாராணி தலையாட்டினாள். ஆனால் அவளுக்குக் காரணம் தெரியும். அந்தக் காரணத்துக்கு வெள்ளைச் சட்டை இருந்தது, மடிப்புக் கலையாத பேச்சு இருந்தது. கல்யாணமாகிப் பதினாறு வருடம் கழித்துப் பிறந்த மலர்விழி என்ற ஒரே மகளும் இருந்தாள். அந்தக் குழந்தையைக் கைபிடித்து அவர் பாலர் வகுப்பில் சேர்க்க வந்த நாளில், உஷாராணிதான் சீருடைக் கழுத்துப்பட்டையைச் சரிசெய்து விட்டவள்.

புதிய பள்ளியிலும் அவள் கை சும்மா இருக்கவில்லை. செம்பனைக்குள் ஒழுங்காக இணைய லைன் கிடைக்காது. பதிவுகளைச் சின்ன மெமரி கார்டுகளில் ஏற்றி வீடு வீடாகக் கொடுத்தாள். இம்முறை ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் அனுமதி வாங்கினாள். கழிவறைக்குப் போவதற்குக்கூட இந்த டீச்சர் கடிதம் கேட்பார் என்று சக ஆசிரியர்கள் கிண்டல் செய்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

2020 வந்தது. நடமாட்டக் கட்டுப்பாடு, பள்ளிகள் மூடின, நாடே ஹேண்ட்போனில் பாடம் நடத்தக் கிளம்பியது. ஏப்ரலில் ஒருநாள், பல மாதமாகத் திறக்காத தன் இணையக் கணக்கை உஷாராணி கணினியில் திறந்தாள். அட்டைச் சதுரங்களை அவள் உருவாக்கியது அந்தக் கணக்கில்தான். எந்த அட்டையை எந்த ஊரில் எத்தனை பேர் கேட்டார்கள் என்று அது காட்டும். வாரத்துக்கு நாற்பது என்று தூங்கிக்கொண்டிருந்த எண், அந்த வாரம் ஆயிரத்து நூறைத் தாண்டியிருந்தது. போர்ட் கிள்ளான். கிள்ளான். ஷா ஆலம். சுபாங் ஜெயா.

ஜோசஃபினுக்குப் போன் செய்தாள். ஜோசஃபின் கொஞ்சம் தயங்கிவிட்டுப் படம் அனுப்பினாள். கிள்ளானின் லிட்டில் இந்தியா கடைத்தெருவில் ஓர் அச்சுக்கடையில் கொடுத்து அட்டைகளுக்குப் புது உடை மாட்டியிருந்தார் பரமேஸ்வரன். நீல வண்ணம், பள்ளிச் சின்னம், அடியில் ‘உருவாக்கம்: தலைமையாசிரியர் திரு. பரமேஸ்வரன்’. மூலையிலிருந்த சதுரத்தை மட்டும் அப்படியே நகல் எடுத்திருந்தார்.

உஷாராணி அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, இடமாற்றத்துக்கு அப்புறம் முதல் முறையாகச் சிரித்தாள்.

அந்த மனிதருக்கு ஒன்று தெரியவில்லை. அந்தச் சதுரத்துக்குள் பாடம் கிடையாது. அது வெறும் விலாசம். ஹேண்ட்போன் அந்த விலாசத்தைத் தேடிப் போகும். போன இடத்தில் எந்தப் பதிவு இருக்கும் என்பது உஷாராணியின் கணக்கில், அவளுடைய கடவுச்சொல்லுக்குள் இருந்தது. ஊரார் வீட்டுக்குத் தன் பெயர்ப் பலகையை மாட்டியவர், பூட்டை மாற்ற மறந்துவிட்டார். பூட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது.

“இப்பவே நிறுத்திடுங்கக்கா. எல்லாத்தையும் டிலீட் பண்ணுங்க,” என்றாள் ஜோசஃபின்.

“பிள்ளைங்க கேக்குறாங்க,” என்றாள் உஷாராணி. பிறகு, மிக மெதுவாக, “அவரு இன்னும் மேல ஏறட்டும் ஜோசி. கீழ்ப்படியிலேருந்து தள்ளுனா அடி படாது.”

அவர் ஏறினார். மாவட்ட அளவில் ஒரு விருது. மாநில அளவில் ஒரு விருது. மாலையும் பொன்னாடையுமாகப் படங்கள் வந்தன. உஷாராணி ஒவ்வொரு படத்தையும் சேர்த்து வைத்தாள். இந்த மூன்று வருடத்தில் அவள் கிள்ளானுக்கே வேறொரு பள்ளிக்கு மாற்றலாகி வந்துவிட்டாள். வந்தும் யாரிடமும் வாய் திறக்கவில்லை. அட்டைகளில் பிழை கண்டால் திருத்தினாள். பாடத்திட்டம் மாறினால் பதிவை மாற்றினாள். தன் எதிரியின் புகழுக்கு ஒருத்தி இத்தனை பக்தியோடு எண்ணெய் ஊற்றியது அந்த வட்டாரத்திலேயே நடந்திருக்காது.

2023-இல் ஒரு தனியார் கல்வி அறநிறுவனம், சிறந்த புத்தாக்கத் தலைமையாசிரியருக்கான போட்டியை அறிவித்தது. இறுதிச் சுற்று தலைநகரில், பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில், ஒரு சனிக்கிழமை காலை. வெற்றி பெறும் திட்டத்தை நாட்டிலுள்ள எல்லாத் தமிழ்ப்பள்ளிக்கும் அந்த நிறுவனமே அச்சிட்டுக் கொடுக்கும். பதிவுகளை வேறு குரலில் புதிதாக எடுத்துத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்ளும். படைத்தவர் பெயர் ஒவ்வோர் அட்டையிலும் நிலையாக இருக்கும். அப்படி அச்சாகிவிட்டால் முடிந்தது. உஷாராணியின் குரலும் போய்விடும், பூட்டும் போய்விடும். இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளுக்கும் அவளுக்கும் ஒரு தொடர்பும் இருக்காது.

போட்டிக்கு முன் பரமேஸ்வரன் ஒரு நேர்காணல் கொடுத்தார். ஜோசஃபின் அதை அனுப்பி, பார்க்காதீங்கக்கா என்று எழுதியிருந்தாள். உஷாராணி பார்த்தாள். அட்டையில் வரும் குரல் யாருடையது, ரொம்ப நன்றாக இருக்கிறதே என்று கேட்டவர் சொல்ல, பரமேஸ்வரன் சிரித்தார்.

“அதுவா? யாரோ ஒரு பொண்ணு. எழுதிக் குடுத்துப் பேச வச்சோம்.”

யாரோ ஒரு பொண்ணு. வேர்த்து ஊற்றிய காரும், எழுபது கிலோமீட்டரும், வெள்ளைத் துணியும் அந்த மூன்று வார்த்தையில் அடங்கிப்போயின. உஷாராணி வீடியோவை நிறுத்திவிட்டுப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பழையபடி காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு புதிய பதிவைச் செய்தாள். முதல் பதிவில் திட்டினாள். இரண்டாவதில் அழுதாள். பக்கத்து இருக்கையில் ஜோசஃபின் விசிறியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“திட்டுனா உங்களைப் பைத்தியம்னு சொல்லிடுவாங்கக்கா. அழுதா பாவம்னு சொல்லிட்டுச் சாப்பிடப் போயிடுவாங்க. நீங்க டீச்சர். பாடம் நடத்துங்க.”

ஏழாவது பதிவு சரியாக வந்தது.

சனிக்கிழமை காலை இருவரும் கமுட்டர் ரயிலில் போனார்கள். மண்டபம் நிறைந்திருந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்று நடுவர்கள். தலைமை நடுவர் தங்கமணி அம்மையார், பணி ஓய்வு பெற்ற பள்ளி ஆய்வாளர், கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே ஆளை எடை போடுபவர். பரமேஸ்வரன் நீல அட்டைகளை விசிறி மாதிரி விரித்து மேசையில் வைத்தார். எந்த அட்டையை வேண்டுமானாலும் எடுங்கள் அம்மா என்று தாராளமாகச் சொன்னார்.

உஷாராணி மடியில் ஹேண்ட்போனைத் திறந்து வைத்திருந்தாள். எல்லாச் சதுரங்களின் விலாசத்தையும் ஒரே நேரத்தில் மாற்ற ஒரு பொத்தான். அதன் பக்கத்தில் எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. போர்ட் கிள்ளான் ஒன்பது. கிள்ளான் பதினான்கு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினேழு ஆயிற்று.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மணி பத்தரை. சனிக்கிழமைப் பாடம்.

அவள் ஏற்படுத்திய வழக்கத்தை அவளே மறந்திருந்தாள். இந்த நிமிடம் அந்த வீடுகளில் அம்மாக்கள் விழித்திருக்கிறார்கள். பிள்ளைகள் நோட்டைத் திறந்துவைத்து, ஹேண்ட்போனை அட்டையின் மேல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். மேடையில் கேட்கப்போவது அங்கேயும் கேட்கும். விரல் அந்தரத்தில் நின்றது. மேடையில் தங்கமணி அம்மையார் ஓர் அட்டையை எடுத்தார்.

உஷாராணி பொத்தானை அழுத்தினாள்.

தங்கமணி அம்மையார் தம் ஹேண்ட்போனை அட்டையில் காட்டி, ஒலிவாங்கியின் அருகில் பிடித்தார். மண்டபம் முழுக்கக் குரல் பரவியது.

“வணக்கம் பிள்ளைகளே. இன்று ஒரு சிறிய பகுதி. கவனமாகக் கேளுங்கள். போர்ட் கிள்ளானுக்கு அருகில் ஒரு பள்ளி. அங்கே உஷாராணி என்னும் ஆசிரியை இருந்தார். உங்கள் கையில் இருக்கும் இந்த அட்டையையும், இதைப் போன்ற இருநூற்றுப் பதினோரு அட்டைகளையும் அவர்தான் செய்தார். நீங்கள் கேட்பது அவருடைய குரல். ‘செய்யுங்கள், நான் பொறுப்பு’ என்றார் தலைமையாசிரியர். அதிகாரி வந்து கேட்டபோது, ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்றார். ஆசிரியை வெளியூருக்கு அனுப்பப்பட்டார். அட்டைகளில் தலைமையாசிரியர் தம் பெயரை எழுதிக்கொண்டார். இனி கேள்விகள். ஒன்று: இந்த அட்டைகளைச் செய்தவர் யார்? இரண்டு: ‘நான் பொறுப்பு’ என்று சொல்லிவிட்டுப் பிறகு மறுத்தவர் யார்? மூன்று: அடுத்தவர் உழைப்பில் தம் பெயரை எழுதிக்கொள்பவரை எவ்வாறு அழைப்போம்? முழு வாக்கியத்தில் விடை எழுதுக.”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை. பரமேஸ்வரன் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார், முகத்தில் மாட்டி வைத்த சிரிப்பு.

“லைன் கோளாறு லா அம்மா. யாரோ விளையாடியிருக்காங்க. வேற அட்டை எடுங்க.”

வேறு அட்டை எடுத்தார்கள். வணக்கம் பிள்ளைகளே என்றது. மூன்றாவதை அவரே தேடி எடுத்துக் கொடுத்தார். அதுவும் அதையே சொன்னது. அதே நிதானம், அதே அன்பு. தங்கமணி அம்மையார் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“இந்தச் சதுரம் எங்க போகணும்னு மாத்துற இடம் ஒண்ணு இருக்குமே சார். அதைத் திறந்து காட்டுங்க.”

“அது... டெக்னிக்கல் ஆளு வச்சிருக்காரு.”

“ஆளு பேரு?”

கடைசி வரிசையில் உஷாராணி எழுந்து நின்றாள்.

“நான்தான் அந்த ஆளு, அம்மா. இப்ப ஸ்கேன் பண்ணிப் பாருங்க.”

நின்ற இடத்திலிருந்தே பொத்தானை மறுபடி அழுத்தினாள். மேடையில் தங்கமணி அம்மையார் அதே அட்டையைக் காட்ட, மழைநீர் சேமிப்பைப் பற்றிய பழைய பாடம் இனிமையாக ஒலித்தது. கொஞ்சம் கேட்டதும் நிறுத்தினார். பேசும் குரலும் அட்டையின் குரலும் ஒன்று என்பதை மண்டபத்துக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிறகு ஜோசஃபின் எழுந்தாள். அன்றைக்கு அறையில் நானும் இருந்தேன், நான் பொறுப்பு என்று இவர் சொன்னதை என் காதால் கேட்டேன், ஐந்து வருடம் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும் என்று சொல்லும்போது அவள் தரையைப் பார்க்கவில்லை.

பரமேஸ்வரன் அட்டைகளை அடுக்கத் தொடங்கினார். அவை வழுக்கி விழுந்தன. பொறுக்குவதற்கு ஒருவரும் குனியவில்லை. உஷாராணி அதைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள். நெஞ்சில் பால் வார்த்தது போல் இருந்தது.

இரண்டு மாதத்தில் விசாரணை முடிந்தது. விருதுகள் திரும்பப் போயின. பரமேஸ்வரனைப் பள்ளியிலிருந்து எடுத்து கல்வித்துறை அலுவலகத்தில் ஏதோ ஒரு மேசையில் உட்கார வைத்தார்கள். அட்டைகள் உஷாராணியின் பெயரோடு, உஷாராணியின் குரலோடு அச்சுக்குப் போவதென்று முடிவாயிற்று. உஷாராணிக்கும் ஒரு கண்டிப்புக் கடிதம் வந்தது, பிள்ளைகள் கேட்கும் இடத்தில் அப்படி ஒரு பதிவை வைத்ததற்கு. அவள் அதை மறுக்காமல் வாங்கிக் கையெழுத்திட்டாள்.

ஏனென்றால் அந்தச் சனிக்கிழமை, அறுபத்தொரு பிள்ளைகள் அந்தப் பாடத்தைக் கேட்டிருந்தார்கள். கேட்டதோடு விடவில்லை. நல்ல பிள்ளைகள், டீச்சரின் குரல் சொன்னபடி நோட்டை எடுத்து, முழு வாக்கியத்தில் விடை எழுதிவிட்டார்கள். இராஜம்மாவின் இளைய மகள் எழுதியதை அந்தத் தாயே படம் எடுத்துப் பெற்றோர்களின் குழுவில் போட, திங்கட்கிழமைக்குள் கிள்ளான் முழுக்கப் பரவிவிட்டது. பதிவில் பரமேஸ்வரனின் பெயர் இல்லை. பிள்ளைகளுக்குப் பெயர் தேவைப்படவில்லை.

விசாரணை முடிந்து ஒரு வாரம் கழித்து, மாலை ஐந்து மணிக்கு உஷாராணியின் வீட்டு வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பரமேஸ்வரன் இறங்கினார். சட்டை கசங்கியிருந்தது. அவள் இரும்புக் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிகளுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றாள்.

அவர் மன்னிப்புக் கேட்க வரவில்லை என்று முதலிலேயே சொன்னார். கேட்டாலும் நீங்கள் கொடுக்க மாட்டீர்கள், எனக்குத் தெரியும் என்றார். கையில் ஒரு பள்ளி நோட்டு இருந்தது. அதைக் கம்பி வழியே நீட்டினார்.

நோட்டின் மேலட்டையில் மலர்விழி என்று எழுதியிருந்தது. இப்போது ஐந்தாம் ஆண்டு.

“மூணாவது பதிலைப் பாருங்க டீச்சர்.”

சின்னச் சின்ன உருண்டை எழுத்து. ‘இந்த அட்டைகளைச் செய்தவர் ஆசிரியை உஷாராணி ஆவார். நான் பொறுப்பு என்று சொல்லிவிட்டுப் பிறகு மறுத்தவர் தலைமையாசிரியர் ஆவார். அடுத்தவர் உழைப்பில் தம் பெயரை எழுதிக்கொள்பவரைத் திருடர் என்று அழைப்போம்.’

“எழுதும்போது வழக்கமான பாடம்னுதான் நெனச்சிருக்கா,” என்றார் பரமேஸ்வரன். “அப்பறம் பள்ளியில பசங்க அது நான்தான்னு சொல்லிட்டாங்க. அவ அழல, என்கிட்ட சண்டை போடல. தெனம் சாயங்காலம் இந்த நோட்டைக் கொண்டாந்து என் முன்னால வைக்கிறா. பெற்றோர் கையெழுத்து வேணுமாம். கையெழுத்து வாங்காம மறுபக்கம் எழுதக் கூடாதுன்னு பள்ளியில வழக்கம். ரெண்டு மாசமா வைக்கிறா டீச்சர். ஒரு வார்த்தை பேசாம வைக்கிறா.”

உஷாராணி பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள், மறுபக்கம் காலியாக இருந்தது.

“எனக்குப் பதவி வேணாம். எல்லாம் போவட்டும். ஒரே ஒரு பதிவு. ‘போன பாடம் கற்பனைக் கதை பிள்ளைகளே’ன்னு உங்க குரல்ல ஒரு தடவை சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்புவா. பதினாறு வருஷம் தவம் கிடந்து பெத்த பிள்ளை.”

தவம் கிடந்து என்ற சொல் கம்பியைத் தாண்டி வந்து அவள் வயிற்றில் இடித்தது. அவளுடையதும் இருந்திருந்தால் இந்த வருடம் பாலர் பள்ளிக்குப் போயிருக்கும். இந்த மனிதருக்கு அது தெரியுமா? இன்றுவரை அவர் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால், அந்த ஒரு மாலை ஜோசஃபினைப் போல் இந்த வாசலில் வந்து நின்றிருந்தால், அவருக்கும் ஒரு கோப்பைத் தேநீர் கிடைத்திருக்கும்.

“கொஞ்சம் இருங்க,” என்று உள்ளே போனாள்.

பரமேஸ்வரன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அவள் ஹேண்ட்போனை எடுத்துவரப் போனதாக நினைத்துக்கொண்டார்.

அவள் சிவப்புப் பேனாவோடு வந்தாள். நோட்டைக் கேட் தூணின் மேல் வைத்து, முதல் விடைக்கு ஒரு சரி போட்டாள். இரண்டாவதற்கு ஒரு சரி. மூன்றாவதை இன்னொரு முறை வாசித்துவிட்டு, மற்ற இரண்டையும்விடப் பெரிதாக ஒரு சரி போட்டாள். கீழே ‘நன்று’ என்று எழுதித் தன் சுருக்கொப்பத்தையும் தேதியையும் இட்டாள்.

“மலர்விழி நல்லா எழுதியிருக்கான்னு சொல்லுங்க சார்.”

“டீச்சர், பச்சைப் பிள்ளை டீச்சர்.”

“அதனாலதான் அவகிட்ட பொய் சொல்ல மாட்டேன்.”

நோட்டைக் கம்பி வழியே திருப்பிக் கொடுத்தாள். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, போகவும் தெரியாமல் நிற்கவும் தெரியாமல் நின்றார். பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் ஒன்று கடந்தது.

“கையெழுத்து பெத்தவங்க போடறது சார்,” என்றாள் உஷாராணி. “எனக்கு அந்த பாக்கியம் இல்ல. உங்களுக்கு இருக்கு. போய்ப் போடுங்க.”